வீட்டுப்பேர் கேட்டால் என்ன எழுதுவது என்று சொல்லித்தந்த ஞாயிறு வகுப்பை மறுபடி நடத்த அனுமதி கோரி

உ

அனுப்புநர்:
ந. முத்தாத்தாள்,
க/பெ. நஞ்சப்பன்,
பெரியகாட்டு வீடு, கள்ளிமேடு,
சித்தூர் தாலுகா, பாலக்காடு ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா கலெக்டர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: எங்கள் ஊர் பாலாம்பிகை பெண்கள் இல்லத்திலிருந்து வயது வந்து வெளியேறும் பெண்களுக்கு, முன்பே வெளியேறிய பெண்கள் நடத்திவந்த வகுப்பு நிறுத்தப்பட்டது பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. ஆகையால் தமிழில் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை, கோயில் பாட்டுப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது மூன்றாவது மனு. முதல் இரண்டும் எந்த மேஜையில் கிடக்கின்றனவோ தெரியவில்லை. நேரில் வந்து கேட்கலாமென்றால் முழங்கால் பஸ் படி ஏற விடுவதில்லை.

1. மேற்படி இல்லத்தில் தாய் தகப்பன் இல்லாத பெண் குழந்தைகளை வளர்க்கிறார்கள். பதினெட்டு வயது முடிந்தால் ஒரு சேலையும் ஒரு தட்டும் வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பிவிடுவது அங்குள்ள விதி. சோறு போட்டு வளர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை.

2. நாலு வருஷத்துக்கு முன்பு, அப்படி வெளியே வந்த சின்னத்தாய் என்ற பெண் மாரியம்மன் கோயில் வாசலில் நின்றாள். நான் காலைப் பூஜைக்குப் போனபோதும் நின்றாள், உச்சிப் பூஜை முடிந்து நடை சாத்தும்போதும் அங்கேயே நின்றாள். "ஏஞ்சாமி இப்படியே நிக்கறே?" என்று கேட்டேன். "மணி அடிக்கலைங்களே" என்றாள். இல்லத்தில் எழுவது, உண்பது, படுப்பது எல்லாம் மணிக்குத்தான். எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து அவளைச் சமைக்கச் சொன்னால் அண்டாவைத் தேடினாள். அறுபது பேருக்கு உலை வைக்கத் தெரிந்தவளுக்கு ஒருத்திக்கு வைக்கத் தெரியவில்லை.

3. பிறகு அவள் தென்னைநார்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, வாடகைக்கு ஓர் அறை பிடித்து, தன்னைப் போல வெளியே வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, அடுத்து வெளியேற வேண்டிய பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லித்தரத் தொடங்கினாள். இல்லத்து மேட்ரன் அம்மாவே பெண்களை அனுப்பிவைத்தார். இடம் எங்கள் களத்துச் சாளை, கூரைக் கொட்டகைதான். டீயும் அச்சுவெல்லமும் என் மோர் விற்ற காசில். அதற்குக் கணக்கு இருக்கிறது, கேட்டால் காட்டுகிறேன். மற்றபடி நான் எதுவும் சொல்லித்தரவில்லை. கல்யாணம்வரை அப்பன் வீடு, அப்புறம் இந்த வீடு. ஒண்டியாக இருந்து பார்த்ததே இல்லை. எனக்கு என்ன தெரியும்?

அவர்கள் பாடம் விளையாட்டுப் போல இருக்கும். சின்னத்தாய் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாடகை வீட்டுக்காரராவாள். "ஏம்புள்ள, தனியாவா இருக்கறே? பொழுது சாஞ்சதும் வந்து பாக்கறேன்" என்பாள். முதல் தடவை பொன்னாத்தாள் என்ற பெண் தலையைக் குனிந்து "சரிங்க" என்றுவிட்டாள். "அடியே, சரிங்கறதுக்கா இங்க வந்தே?" என்று எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மூன்றாம் வாரம், "வேண்டாங்க, வாடகைய நானே கொண்டாந்து குடுத்தர்றனுங்க" என்று நிமிர்ந்து நின்று சொன்னாள். அதுதான் பாடம்.

4. இப்போது தகராறுக்கு வருகிறேன். நம் ஜில்லாவில் எந்த மனுவானாலும் வீட்டுப்பேர், அதாவது குடும்பம் குடியிருக்கும் வீட்டின் பேர், கேட்கிறார்கள். சின்னத்தாய் ரேஷன் கார்டுக்குப் போனபோது குமாஸ்தா "வீட்டுப்பேரெந்தா?" என்று கேட்டிருக்கிறார். தமிழில் வளர்ந்த பெண். வீட்டில் கூப்பிடும் பேரைக் கேட்கிறார் என்று நினைத்து, இல்லத்தில் கூப்பிட்டபடி "குட்டச்சிங்க" என்று சொல்லிவிட்டாள். ஆபீஸே சிரித்தது. கார்டு "சின்னத்தாய், குட்டச்சி வீடு" என்று வந்தது. இன்றுவரை ரேஷன் கடையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வேறொருத்திக்கு அப்படி ஆகக்கூடாதென்று என்னிடம் வந்து, "உங்க ஊட்டுப் பேரை எழுதிக்கட்டுங்களா?" என்று கேட்டாள். தாராளமாய் எழுது என்றேன். அதன்பின் வெளியேறிய பெண்கள் எல்லோரும் "பெரியகாட்டு வீடு" என்று எழுதினார்கள்.

5. ஒரே வீட்டுப்பேரில் இத்தனை பெண்கள் இருப்பதைக் கண்டு இல்லத்தின் காரியதரிசி அவர்கள், நாங்கள் எங்கள் காடு கழனி வேலைக்குக் கூலியில்லாமல் பெண்களைச் சேர்த்து வைத்திருப்பதாக முடிவு செய்துவிட்டார். வந்து பார்க்கவில்லை. வெளியே போனவர்களோடு பேசினால் ஒழுக்கம் கெடும் என்று ஆவணி மாதத்தோடு வகுப்பை நிறுத்தினார். சின்னத்தாய் போய்ச் சொல்லிப் பார்த்தாள். கேட்டுக்கு உள்ளே விடவில்லை. அவள் பதினாறு வருஷம் இருந்த இடம் அது.

எங்கள் காட்டில் வேலை செய்கிறவர்கள் யார், கூலி என்ன என்பதைத் தாங்கள் எந்த நாளிலும் ஆள் அனுப்பி விசாரிக்கலாம். என் மனதுக்குக் கஷ்டமாயிருந்தாலும் அந்தப் பழியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மன் அறிவாள்.

6. என்னைத் தூங்கவிடாமல் செய்வது சுருளியம்மாள் விஷயம். சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, மண் சரிவில் பெற்றவர்களை இழந்து, நாலு வயதில் இங்கே வந்தவள். இம்மாதக் கடைசியில் அதே தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்க அனுப்புகிறார்கள். துணைக்கு ஆள் இல்லை. பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பஸ் மாற வேண்டும். அவள் இதுவரை பஸ்ஸில் தனியாகப் போனதில்லை. பஸ் பாடம் வருவதற்கு முன்பே வகுப்பு நின்றுபோயிற்று.

சென்ற வெள்ளிக்கிழமை மார்கழிப் பூஜைக்கு இல்லத்துப் பெண்களை வரிசையாக அழைத்து வந்தார்கள். என்னைக் கடக்கும்போது சுருளியம்மாள் தலையைத் திருப்பாமல், "யம்மா, கண்டக்டர் வஞ்சாருன்னா எறங்கிரணுமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

ஆகையால் தாங்கள் தயவு செய்து, வகுப்பை மறுபடி நடத்த உத்தரவிட வேண்டும். எங்கள் சாளையில் ஆட்சேபம் என்றால் இல்லத்துக்குள்ளேயே, மேட்ரன் அம்மா முன்னிலையில் நடக்கட்டும். என்மேல் சந்தேகம் என்றால் நான் அந்தப் பக்கமே வரவில்லை, எழுதித் தருகிறேன். சின்னத்தாயை மட்டும் உள்ளே விட வேண்டும். எல்லாவற்றுக்கும் நாள் போதாதென்றால், சுருளியம்மாள் புறப்படும் முன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது விட வேண்டும். அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் நான்தான் சொல்ல வேண்டுமென்பதில்லை. திட்டு வாங்கியும் இறங்காமல் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்த சின்னத்தாய் சொல்லட்டும்.

இப்படிக்கு, தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
ந. முத்தாத்தாள்

இடம்: கள்ளிமேடு
நாள்: 3-1-1977 (நள வருஷம், மார்கழி 19)