நடுவில் பள்ளம் விழுந்த மணி

அந்த மண் மணி இன்றும் என் மேசையிலிருந்து உருண்டு விழப் பார்த்தது. ஆயர் ஈத்தாம் பானைக் கடையில் நீ வாங்கியது. நாக்கில்லாத மணி, தட்டினால் டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நிமிர்த்தி வைக்கும்போதே உன்மேல் எரிச்சலாக வந்தது. இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

தம்போயில் நான், குளுவாங்கில் நீ, இருவரும் ஒரே சங்கத்தின் டியூஷன் டீச்சர்கள். வருடத்துக்கு ஒரே ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பைச் சங்கம் ஏற்கும். ஒரே கேள்வித்தாள் என்றால் வாட்சாப்பில் ஊர் விட்டு ஊர் போய்விடும் என்று தலைவருக்குப் பயம். அதனால் ஆளுக்கொரு தாள் போட்டோம். முதல் வருடம் நான் அனுப்பிய மாணவன், என் பையன், எண்பத்திரண்டு; நீ அனுப்பிய மாணவி, உன் பெண், அறுபத்து நான்கு.

"என்னா டீச்சர், எம்பத்தி ரெண்டு பெருசா, அறுவத்தி நாலு பெருசா? இதுக்கு ஒரு மீட்டிங்கா?" என்றார் தலைவர்.

நீ பையிலிருந்து மணியை எடுத்து வைத்து, அதன் ஓரத்தை விரலால் தடவிக் காட்டினாய். மதிப்பெண்களை வரைந்து பார்த்தால் இந்த மணியின் வடிவம்தான் வரும் என்றாய்: பெரும்பாலான பிள்ளைகள் நடுவில், சராசரியை ஒட்டி இருப்பார்கள். இரு பக்கமும் போகப் போக ஆள் குறையும். என் வகுப்பின் சராசரி எழுபத்தாறு, அதிலிருந்து மதிப்பெண்கள் பொதுவாக விலகும் அளவு ஆறு. ஒரு விலகலை ஒரு படி என்று வைத்தால், என் பையன் ஒரு படி மேலே. உன் வகுப்பின் சராசரி நாற்பத்தெட்டு, விலகல் எட்டு. உன் பெண் இரண்டு படி மேலே. நூறு பேர் எழுதினால் என் பையனைத் தாண்டிப் பதினாறு பேர் இருப்பார்கள். உன் பெண்ணைத் தாண்டி இரண்டு மூன்று பேர்தான்.

"பிள்ளைங்க ரெண்டு ஊர்லயும் ஒன்னுதான். இவ போடற கேள்விக்கு என் வீட்டுப் பூனைகூட அறுவது வாங்கும்," என்று என்னையும் வாரினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கணக்கு சரி.

அடுத்த வருடமும் அதே கேள்வி, அதே மணி. ஒருமுறை தலைவர் மனமிரங்கி, குளுவாங் பிள்ளைகள் எல்லாருக்கும் பத்து மார்க் சேர்த்துவிடலாம் என்றார். "புண்ணியத்துக்கு மார்க் போடாதீங்க அண்ணே," என்றாய். கூடவே இன்னொன்றும் சொல்வாய்: "முதல்ல மார்க்கெல்லாம் மணி மாதிரி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா இந்தக் கணக்கு செல்லாது லா." அதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை.

இன்றைய கூட்டத்தில் தலைவர் கைப்பேசியில் தானே கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "தம்போய் பையன் ஒன்னரைப் படி, குளுவாங் பொண்ணு ஒன்னு புள்ளி ரெண்டு. முடிஞ்சிச்சு டீச்சர்!"

நான் குளுவாங் மதிப்பெண்களைத் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். மணி வடிவமே இல்லை. முப்பதுகளில் ஒரு கும்பல், எழுபதுகளில் ஒரு கும்பல், நடுவில் ஈ காக்கை இல்லை. நீ படுத்த படுக்கையானதும், வசதியுள்ள பிள்ளைகள் வேறு டியூஷனுக்குப் போய்விட்டார்கள். தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு யாரும் இல்லை. அவர்கள் கீழே விழுந்ததில் விலகல் இருபதாக வீங்கி, அந்தப் பெண்ணின் எழுபத்தெட்டு சிறுத்துப் போயிற்று. நடுவில் விழுந்த பள்ளம் நீ இல்லாத இடம்தான். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இது செல்லாது அண்ணே. ரெண்டு ஊருக்கும் ஒரே தாள், ஒரே நேரம், மறுபடி எழுதட்டும். அதுவரைக்கும் சனிக்கிழமை நானே குளுவாங் போயி பாடம் நடத்துறேன்."

"அலமாக்! ஜெயிக்கிறது ஒங்க பையன் டீச்சர்! அந்தம்மாதான் போயிட்டாங்க, இப்ப நீங்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

இத்தனை வருடம் நாம் மண்டையை உடைத்து அவருக்குக் கற்றுக்கொடுத்ததை இன்று வேண்டாம் என்கிறேன். அவர் கத்தாமல் என்ன செய்வார்? கத்தி ஓய்ந்து, கடைசியில் சரி என்றார்.

புதுத் தாளை இப்போதுதான் முடித்தேன். உன் வீட்டுப் பூனை இதில் பத்துகூட வாங்காது.