பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே

சங்கரன்கோவில்
18.11.2025

அன்பு மகன் ததேயுவுக்கு அம்மா எழுதுவது, சேசுவுக்கே புகழ். இங்கே அப்பாவும் நானும் உன் தங்கச்சி அனுவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ அந்த டப்ளின் குளிரில் காய்ச்சல் தடுமல் இல்லாமல் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்வர மாதா துணையிருக்கட்டும். போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று நினைப்பாய். இப்போதெல்லாம் நீ போன் பண்ணினால் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், என் போனையும் எடுத்துப் பார்க்கிறார். அதனால்தான். பதறாமல் முழுவதும் படி.

அனு கல்யாண வேலை நடக்கிறது. ஜனவரியில் நம் கோயிலிலேயே பூசை. பட்டு எடுத்தாயிற்று, பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது, மழைதான் விட்ட பாடில்லை, தெருவில் தறிச் சத்தமே கேட்காத அளவுக்கு ஊற்றுகிறது. இதற்கு நடுவில் போன வாரம் அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது, நான் எடுத்தேன். மலைப்பக்கம் ஏதோ ஒரு தியான இல்லத்திலிருந்து ஒரு பிரதர் பேசினார். "உங்க மகன் மதுரையில இறங்குனதும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாதீங்க, நேரா இங்கன வந்துருங்க. கல்யாணத்துக்கு முன்னால விட்டுருவோம். போனு, பாஸ்போர்ட்டு எல்லாம் நாங்க வாங்கி வச்சிக்கிடுவோம், உங்க வீட்டு ஐயா சம்மதம்னு சொல்லிட்டாவ" என்றார். எதற்கு என்று கேட்டேன். ஆணுக்கு ஆண் மேல் ஆசை வருவது கெட்ட ஆவியாம், உபவாசம் போட்டு, எண்ணெய் பூசி, செபம் பண்ணி விரட்டுவார்களாம். பஸ் டிப்போவிலிருந்து ரிட்டயர் ஆனபின் ஸ்டியரிங்கையே தொடாத உன் அப்பா இதற்காக ஒரு காரை வாடகைக்குப் பேசி, நானே ஓட்டுவேன் என்று வைத்திருக்கிறார்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. "ஆமாட்டி, நான்தான் ஏற்பாடு பண்ணுனேன். எம் பிள்ளைக்கு நல்லதுதான் பண்ணுதேன்" என்றார். ராசா, ஈஸ்டருக்கு நீ போனில் சொன்னதில் பாதியைத்தான் முன்பு அவரிடம் சொல்லியிருந்தேன், அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னேன். குருமடத்தில் இருந்தபோது மற்றப் பிள்ளைகள் விளையாடப் போனபின் நீ கோயிலில் முழங்காலில் நின்று என்னை மாற்றும் ஆண்டவரே என்று கேட்டது, சாப்பிடாமல் கிடந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டது, சாமியாராகாமல் திரும்பி வந்தது, அயர்லாந்து போயும் வருஷக்கணக்காகக் கோயில் வாசலை மிதிக்காமல் இருந்தது, எல்லாம் சொன்னேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "அவரு நான் கேட்டதக் கேக்காம இல்லம்மா, மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லன்னுதான் சும்மா இருந்திருக்காரு" என்று உனக்குப் பட்டதாகச் சொன்னாயே, அதையும் அப்படியே சொன்னேன். அந்த வார்த்தை எனக்குள் இறங்கவே மாசக்கணக்கானது. செபமாலை சொல்லும்போதெல்லாம் குறுக்கே வந்து நிற்கும். "அவனே அழுது கேட்டு ஆண்டவர் மாத்தாததையா இந்தப் பிரதர் மாத்தப் போறாரு" என்று அப்பாவிடம் கேட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன், கட்டிலில் உட்கார்ந்து அழுதார். ஊர் பேசுவதைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லையாம். "நாளைக்கு நாம மூணு பேரும் மோட்சத்துல ஒரு பக்கம், அவன் மட்டும் வேற பக்கம்னு ஆயிட்டா நான் என்னட்டி செய்வேன்" என்றார். அந்தப் பயம் எனக்கும் உண்டு மகனே, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "அப்படி ஒரு பக்கம் இருந்தா நான் அவன்கூட இருந்துக்கிடுதேன், நீங்க அனுவப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு சிலுவை போட்டுக்கொண்டேன், ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

மறுநாள் பங்குச்சாமியாரைப் போய்ப் பார்த்தேன். "திருச்சபை போதிக்கிறத நான் மாத்திச் சொல்ல முடியாதும்மா. ஆனா ஒருத்தன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வச்சிக்கிட்டுப் பண்ணுறதுக்குப் பேரு செபம் இல்ல" என்றார். அப்பாவையும் கூப்பிட்டு அதையே சொன்னார். நான் அந்த இல்லத்துக்குப் போன் போட்டு என் மகன் வரமாட்டான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதிலிருந்து அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. தட்டை எடுத்து வைத்தால் சாப்பிடுகிறார், போன் வந்தால் தெருவுக்குப் போய்ப் பேசுகிறார், யாரோடு என்று தெரியவில்லை. அனு மட்டும் அவர் முன்னாலேயே, "அண்ணன் வந்து எம் பக்கத்துல நிக்காம நான் பீடத்துக்குப் போவ மாட்டேன்" என்று சொன்னாள். மாப்பிள்ளையிடமும் உன்னைப் பற்றி அவளே சொல்லிவிட்டாள். "அத்தான் எப்ப வாறாங்க, ரூம் போடணுமா" என்று மட்டும் கேட்டாராம்.

ஆகவே பயந்துபோய் வராமல் இருந்துவிடாதே. டிக்கெட்டை மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்று. என்னோடு தையல் படித்த கடையநல்லூர் மிஸ்ரியாவின் மருமகன் காரோடு வந்து நிற்பார். வரும் வழியில் மிஸ்ரியா வீட்டில் இறங்கிப் பாஸ்போர்ட்டை அவளிடம் மட்டும் கொடுத்துவிட்டு வா. எதற்கு என்று அவள் கேட்கவில்லை, "எம் பீரோவுல இருக்கட்டும்க்கா, நீங்க வந்து கேட்டாக்கூடக் குடுக்க மாட்டேன், தம்பி வந்தாத்தான்" என்றாள். அப்பாவே அன்பாகக் கேட்டாலும் அது கையில் இல்லை என்று சொல். யாராவது தலையில் கைவைத்துச் செபிக்க வந்தால், வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடு. கோயிலில் நற்கருணை வாங்குவதும் வாங்காததும் உனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது, யார் முகத்தையும் பார்க்காதே.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா உள்ளே வந்தார். யாருக்கு என்றார். உங்க மகனுக்கு என்றேன். "மதுரைக்குத்தான வாறான்" என்றார். நான் காகிதத்தைக் கையால் மூடிக்கொண்டேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், "சொல்லாதட்டி. தெரிஞ்சா வண்டிய எடுத்துட்டுப் போனாலும் போயிருவேன். அவன் வாசல்ல வந்து நின்னுட்டான்னா, அதுக்கப்புறம் அவன எங்கயும் கொண்டுபோவ எனக்கு மனசு வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வரும் தேதியை அனுவிடம் மட்டும் சொல், காருக்கு அவள் சொல்லிவிடுவாள், எனக்குக்கூட வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. உன் நெற்றியில் அம்மா சிலுவை வரைந்ததாக நினைத்துக்கொள், பிதாவும் சுதனும் பரிசுத்த ஆவியும் உன்னை நீ இருக்கிறபடியே காக்கட்டும்.

உனக்காகக் காத்திருக்கும்
அம்மா,
ராஜகுமாரி