மூன்றரையைத் தொடும் வரை

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலம் விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரும் பழக்கத்தை இன்று ஒருநாள் விட்டுவிடுகிறேன். நேற்று மாலை போனில் கேட்டாயே, அண்ணனுக்கு என் கிட்னி வேண்டாமா, என் கல்யாணத்துக்கு வராம இருந்தாரே, அந்தச் சண்டையை இன்னும் மனசுல வச்சிருக்காரா என்று. அடுப்பில் குக்கர் கத்துகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

உன் அண்ணன் எதையும் மனதில் வைத்துக்கொண்டிருக்கவில்லை. நீ சிறுநீரகம் தருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, டயாலிசிஸ் அறையில் அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் என் தங்கச்சி, என் தங்கச்சி என்று பீற்றிக்கொள்கிறார். ஆபரேஷன் தள்ளிப்போனதற்கு மருத்துவமனையில் தேதி கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அதுவும் பொய். காரணம் நான்தான்.

அவருக்குச் சிறுநீரகம் கெடத் தொடங்கியபோது, புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. தபால் ஆபீஸ் பார்சல் கவுண்டரில் பதினாறு வருடமாக எடை போடுகிறவள். வீட்டுக்கும் ஒரு தராசு வாங்கினேன். பருப்பு இத்தனை கிராம், முட்டை வாரத்துக்கு ஒன்று. இன்னொரு கரண்டி கேட்டால் முறைத்தேன். அந்தக் கட்டுப்பாட்டால்தான் டயாலிசிஸ் இல்லாமல் நான்கு வருடம் ஓடியது என்று டாக்டரே பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வருடம் டயாலிசிஸ் தொடங்கிய அன்றே டயட்டீஷியன் அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: இனிமே எல்லாம் தலைகீழ், ரத்தத்தைச் சுத்தம் பண்றப்ப புரதமும் கொஞ்சம் போயிடும், அதனால முன்னைவிட நிறைய சாப்பிடணும். நான் பலமாகத் தலையாட்டினேன். காகிதத்தில் எழுதியும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பழையபடியே எடை போட்டேன். அந்த அம்மா சொன்னதை நம்பாமல் இல்லை. கை வரவில்லை. நான்கு வருடமாக அவருக்கு ஆகாது என்று ஒளித்துவைத்ததை, ஒரே நாளில் எப்படி அள்ளிப் போடுவது? மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கூட்டவே இல்லை. அவருக்கோ மாமிசத்தின் வாடையே ஆகாமல் போய்விட்டது, வாயில் இரும்புத் துண்டை வைத்த மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டார். அதுவும் எனக்குச் சௌகரியமாகிவிட்டது.

போன மாதப் பரிசோதனையில், ரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்கிற புரதம் இரண்டு புள்ளி எட்டு. மூன்றரையாவது வந்தால்தான் கத்தி வைப்பேன், இல்லையென்றால் புண் ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரம் அவகாசம். உன் அலுவலகத்தில் கொடுத்திருக்கும் விடுப்பையும் அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்கிறாய். நீ உன் உடம்பிலிருந்து ஓர் உறுப்பையே எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறாய். நான் ஒரு முட்டையைக் கொடுக்க யோசித்திருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

சரி, அழுது முடித்துவிட்டேன். இனி வேலை. மதியமானால் அவருக்குக் குமட்டல் தொடங்கிவிடுகிறது, டயாலிசிஸ் முடிந்து வந்தால் தண்ணீரைக்கூட வெறுப்பாகப் பார்க்கிறார். வாய் ஒத்துழைப்பது காலையில் மட்டும்தான். அதனால் என் யுத்தமெல்லாம் காலைச் சாப்பாட்டில். நேற்று நான்கு முட்டையின் வெள்ளைக்கருவை வெங்காயமும் மிளகும் போட்டுக் கிளறிக் கொடுத்தேன். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, இதைவிட எங்க வாஷர் மெத்துன்னு இருக்குமே என்றார். திட்டிக்கொண்டே முழுவதையும் தின்றார். தராசு சமையலறையிலேயே இருக்கிறது. இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று பார்த்தவள், இத்தனைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று பார்க்கிறேன்.

கோபப்பட வேண்டுமானால் என்மேல் படு. உன் அண்ணன்மேல் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அண்ணி


அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் உறை கனமாக இருந்தது. திட்டித் தீர்த்திருப்பாய் என்று பயந்து, கவுண்டரில் உணவு இடைவேளை வரும்வரை பிரிக்கவே இல்லை. பார்த்தால், இறைச்சி இல்லாத காலைச் சாப்பாட்டுக்குப் பதினோரு யோசனைகள்! என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், இதைத் தாங்க முடியாமல் பார்சல்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். வரிசையில் நின்றவர்கள் பார்சல் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

உன் பட்டியலை டயட்டீஷியன் அம்மாவிடம் காட்டினேன். நிலக்கடலை, பாதாம், பெரிய டம்ளரில் பால், எல்லாவற்றையும் பேனாவால் அடித்துவிட்டார். அவருடைய ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறிவிடுமாம். பனீர் கொஞ்சமாக, பருப்பு அளவோடு. உதிர்த்த டோஃபுவைக் குடைமிளகாயோடு வதக்குவது என்று நீ எழுதியிருந்தது முதல் தரமாகத் தேறிவிட்டது. கடலைமாவைக் கரைத்து, அதில் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றி மெல்லிசாகச் சுட்டேன், அதுவும் தேறியது. பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்து ஆவியில் வேகவைத்தது மட்டும் கல்லாகிவிட்டது. உன் அண்ணன் அதை மேஜையில் தட்டிக் காட்டினார். சத்தம் கேட்டது.

நடுவில் நான்கு நாள் எதுவும் இறங்கவில்லை. விட்டுடு, வராதது வராது என்றார். நான் விடவில்லை. தட்டைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது என்றதால், ஒரு வேளையை மூன்றாகப் பிரித்தேன். ஆறு மணிக்குக் கொஞ்சம், ஏழரைக்குக் கொஞ்சம், ஒன்பதுக்கு மீதி. எனக்காக வேண்டாம், உங்க தங்கச்சிக்காகத் தின்னுங்க என்றேன். அதற்குப் பிறகு வாயைத் திறந்தார்.

மூன்றாவது வாரம் மூன்று புள்ளி ஒன்று. ஐந்தாவது வாரம் மூன்று புள்ளி நான்கு, டாக்டர் அசைந்து கொடுக்கவில்லை. இன்று காலை மூன்று புள்ளி ஆறு! சீட்டை இரண்டு முறை வாங்கிப் பார்த்தேன். தேதி கொடுத்துவிட்டார்கள், இந்தக் கடிதத்தோடு அதன் நகலை வைத்திருக்கிறேன்.

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சொன்னால், உன் அண்ணன் சிரிக்கவில்லை. அவ காலையில என்ன சாப்பிடுறா என்று கேட்டார். வேலைக்குப் போற அவசரத்துல ஒரு காபியோட ஓடிடுவாளே, இப்பவும் அப்படித்தானா என்றார். இத்தனை வாரம் கிராம் கிராமாகப் பார்த்தவள், ஒரே ஒரு நாள்கூட உன்னிடம் அதைக் கேட்கவில்லை. கத்திக்குக் கீழே படுக்கப்போவது இரண்டு பேர், நான் ஒரே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அதனால் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து இறங்கும் திட்டத்தை மாற்று. பத்து நாள் முன்னதாகவே வா, முடிந்த பிறகும் உடனே ஓடாதே. விடுப்புக்கு உன் மேலதிகாரியிடம் நானே வேண்டுமானாலும் பேசுகிறேன். காலையில் உன்னை உட்காரவைத்து நான் போடுவதைச் சாப்பிட வேண்டும், மறுபேச்சு கூடாது.

வருகிறபடியே உன்னை முழுதாகத் திருப்பி அனுப்ப என்னால் முடியாது, தங்கமே. தெம்பாக அனுப்பிவைப்பேன். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வா.

உன் அண்ணி