எங்கன எடுத்தீக?

இன்று காலை வாசல் பெருக்கப் போனபோது துடைப்பத்தில் எழுத்துகள் சிக்கின. நேற்று எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குச் சரவெடி போட்டார்கள். வெடித்த காகிதமெல்லாம் நம் வாசலில்தான் வந்து குவிந்திருந்தது. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். "என்று அவள் கேட்ட" என்பதோடு நின்றிருந்தது, மீதி கருகிப்போயிருந்தது. நீ இருந்திருந்தால் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவள் என்ன கேட்டாள் என்று மிச்சத் துண்டுகளைத் தேடக் குனிந்திருப்பாய். நமக்குப் பஸ்ஸும் போயிருக்கும்.

விருதுநகரில் ஒரே வாடகை வீட்டில் இருந்துகொண்டு சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த இரண்டு நர்சுகள் நாம். நயா பைசா புதிதாக வந்திருந்த காலம். பஸ்ஸில் கண்டக்டரும் சனங்களும் பழைய அணாவுக்குக் கணக்குப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தச் சந்தடியிலும் யார் கையில் புத்தகம் இருக்கிறது என்று நீ கழுத்தை நீட்டிப் பார்ப்பாய். எனக்கு மானம் போகும். ஒருநாள் ரயிலடியில் வத்தல் வியாபாரி ஒருவரிடம், பெரிய மனிதர், கொஞ்சமும் கூச்சப்படாமல் "என்ன பொஸ்தகம் பாய் வாசிக்கீக?" என்று கேட்டாய். அவர் புத்தகத்தை இறக்காமலே, "வாசிக்கல தாயி. எஞ் சம்பந்தி அங்கன நிக்காரு, அதான் மூஞ்சிய மறைச்சிருக்கேன்" என்றார். நீ சிரித்த சிரிப்பில் சம்பந்தி நேரே இங்கே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நான் உன்னை ஒரு பாட்டம் திட்டினேன். முன்பின் தெரியாதவர்களிடம் என்ன பேச்சு என்றேன். "பொஸ்தகம் வச்சிருக்கவுககிட்டப் பேச என்னட்டி முறை வேண்டிக் கெடக்கு" என்று கேட்டுவிட்டு நீ உலையில் அரிசியைப் போட்டாய். உன்னிடம் கோபப்படுவது வீண் வேலை.

அந்தப் பெண்ணை நாம் பார்த்தது சாயங்கால பஸ்ஸில். சிவகாசியிலேயே ஏறி நமக்கு முந்தைய இருக்கையில் உட்கார்ந்தாள். பதினெட்டு வயது இருக்கலாம். விரலிடுக்கில் பசை காய்ந்திருந்தது, வெடிக் கம்பெனியில் குழாய் சுற்றுகிற வேலை என்று பார்த்ததும் தெரிந்தது. மடியில் அட்டை இல்லாத ஒரு புத்தகம். பஸ் குலுங்கிய குலுக்கலிலும் விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்துக்கொண்டிருந்தாள். திருத்தங்கல் தாண்டும்வரை நீ பொறுத்ததே பெரிது. அவள் தோளைத் தொட்டு, மரியாதையாகத்தான் கேட்டாய்: "இந்தப் பொஸ்தகம் எங்கன எடுத்தீக?"

அவள் திரும்பினாள். முதலில் உன் முகத்தைப் பார்க்கவில்லை, நம் நர்சு வெள்ளைச் சேலையைத்தான் பார்த்தாள். பக்கத்தின் முனையை மடித்தாள், புத்தகத்தை இருக்கையில் வைத்தாள், எழுந்துவிட்டாள். ஆனைக்குட்டம் விலக்கில் பஸ் நின்றது. "ஏம்மா, ஆமத்தூருக்குத்தான டிக்கெட் எடுத்த, இங்கன எறங்குற?" என்று கண்டக்டர் கேட்டார். அவள் இறங்கிப் பொட்டல்காட்டுக்குள் நடந்தாள்.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் இருந்த அம்மாள்தான் சொன்னாள். "அந்தப் பிள்ளையப் போயி ஏன் தாயி எங்கன எடுத்தன்னு கேட்டீக? கம்பெனி வாசல்ல மடியச் சோதிக்கும்போது கேக்கிற கேள்வில்ல அது." குழாய் சுற்றுவதற்குப் பழைய காகிதம் லோடு லோடாக வரும், அதில் முழுப் புத்தகங்களும் கிடக்கும், உள்ளேயிருந்து ஒரு தாளைக் கொண்டுபோனாலும் வேலை போய்விடும் என்றாள்.

நாம் துணி எடுப்போம், டிக்கெட் எடுப்போம், கடையில் போய்ப் புத்தகமும் எடுப்போம். நம் வாயில் அந்தச் சொல் காசு கொடுத்து வாங்குவது. அவள் காதில் அது திருட்டு. உன் முகத்தை அன்றைக்கு நான் பார்த்தேன். ஆமத்தூர் வந்தது, போனது. நீ அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாய்.

மறுநாளிலிருந்து அதே பஸ்ஸில், எல்லோருக்கும் தெரியும்படி அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். அவள் வரவேயில்லை. கம்பெனி கம்பெனியாகப் போய் விசாரிக்கிறேன் என்று கிளம்பினாய். நான்தான் மறித்தேன். "போயி என்னன்னு கேப்ப? உங்க பொஸ்தகத்த எடுத்த பிள்ள எதுன்னா?" என்றேன். கேட்டால் அவள் வேலைக்கு ஆபத்து. கேட்காவிட்டால், நம்மைப் பார்க்கப் பயந்து அவளே வேலையை விட்டிருந்தால், அது உனக்கு எப்படித் தெரியும்? நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாய். நான் சொன்னது சரிதான். சரியாக இருந்தும் இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

பிறகு எந்தக் கம்பெனியில் தீப்பிடித்து ஆட்களைக் கொண்டுவந்தாலும், கட்டுப் போடுவதற்கு முன்னால் நீ ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்ப்பாய். எதற்குப் பார்க்கிறாய் என்று டாக்டருக்குத் தெரியாது. அவள் இல்லை என்றதும் மூச்சு விடுவாய். அப்படி மூச்சு விட்டதற்காக இரவு ஜெபத்தில் அழுவாய்.

பஸ்ஸில் யாரிடமும் ஒன்றும் கேட்பதை விட்டுவிட்டாய். நான் அத்தனை நாள் ஆசைப்பட்ட அமைதி கிடைத்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஜன்னலோரம் ஒருவர் நல்ல தடிமனான புத்தகம் வைத்திருந்தார் ஒருநாள். "கேளேன்டி" என்று நானே உன் விலாவில் இடித்தேன். நீ சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாய்.

அந்தப் புத்தகத்தை அவள் மடித்த முனைவரைதான் நீ வாசித்தாய். அண்ணனைத் தேடிக் கப்பலேறிய ஒரு தங்கையின் கதை. கப்பல் கரை சேருகிற இடத்தில் மடிப்பு. அண்ணன் இருந்தானா இல்லையா என்று நான் வாசித்துச் சொல்கிறேன் என்றேன். "அந்தப் பிள்ள வாசிக்காதத நாம வாசிக்கப்படாதுட்டி" என்றாய். போன வருஷம் நம் வார்டிலேயே நீ கடைசியாகக் காய்ச்சலில் கிடந்தபோதும், தண்ணீர் கேட்கவில்லை, பாதிரியாரைக் கேட்கவில்லை. "மடிப்பு நிமிந்திராமப் பாத்துக்கோ" என்றாய். உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ.

ஆனாலும் பார்த்துக்கொள்கிறேன். சாயங்கால பஸ்ஸில் இப்போது என் மடியில்தான் அது இருக்கிறது. மேலே துணி போடுவதில்லை, பைக்குள் வைப்பதில்லை. அவளுக்கு இப்போது இடுப்பில் ஒரு பிள்ளைகூட இருக்கலாம். ஆனைக்குட்டம் விலக்கில் பஸ் நிற்கும்போதெல்லாம் ஏறுகிற பெண்களின் விரலைப் பார்க்கிறேன். என்றைக்காவது ஒருத்தி என் தோளைத் தொட்டு, "இந்தப் பொஸ்தகம் எங்கன எடுத்தீக?" என்று கேட்கட்டும்.

"எடுக்கல தாயி, நீங்க வச்சிட்டுப் போனது. மடிப்பு அப்படியேதான் இருக்கு."