தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

12-7-1991
மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். என் மகன் ஆவுடையப்பனுக்கு மூளைக்காய்ச்சல் விட்டுவிட்டது. மூன்று வயதுக்குள் இரண்டு தடவை நிமோனியா, இப்போது இது. பக்கத்து வீட்டுப் பாலம்மாள் கண்டம் தாண்டிவிட்டது என்று திருநீறு பூசினாள். டாக்டர் மட்டும் சந்தோஷப்படவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். பிழைத்த பிள்ளைக்கு இன்னும் என்ன சோதனை?

19-7
கிருமி ஒருமுறை வந்தால் டாக்டர் மருந்தோடு விட்டுவிடுவாராம். திரும்பத் திரும்ப வந்தால், எதிர்க்கும் சக்தி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பினார்கள். என் அம்மா வழியில் ஆண் குழந்தைகள் யாராவது இறந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கூட வந்த அம்மாவும் தலையாட்டினாள். சீட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிச்சையம்மாள்னு வச்சிருக்காங்களே. உங்களுக்கு முன்னாடி பொறந்ததுக தங்கலையோ?"

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

20-7
சின்ன வயதில் தங்கச்சி முத்துப்பேச்சி, "நீ தவிட்டுக்கு வாங்கின பிள்ளதான" என்று அழவைப்பாள். எல்லா வீட்டிலும் செய்கிற கேலி என்றுதானே நினைத்தேன்?

22-7
ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். கேட்டேன், கத்தினேன். பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். எனக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள். இரண்டும் ஒன்றரை வயதுக்குள் காய்ச்சலில் போய்விட்டன. அதனால்தான் நானாவது தங்கட்டும் என்று என்னைக் குப்பையில் போட்டு, எதிர்வீட்டுக்காரி தவிடு கொடுத்து வாங்கித் திருப்பித் தர, பிச்சை என்று பெயர் வைத்தார்களாம்.

"ஏட்டி, செத்த பிள்ளைக பேரைச் சொன்னா இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. அதான் வாயைக் கட்டிக்கிட்டேன்."

"எம்பிள்ள சாகக் கெடந்தானே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

5-8
ரிப்போர்ட் வந்துவிட்டது. கிருமியை எதிர்க்கும் அந்தச் சக்தி ஆவுடை ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மாதாமாதம் மருந்து ஏற்றினால் மற்ற பிள்ளைகள் மாதிரி வளரலாம் என்றார். இன்றே முதல் மருந்து ஏற்றினார்கள். இது தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவதாம். என் வழியாக. அப்படியானால் முத்துப்பேச்சி வழியாகவும் வரலாம். அவள் மடியில் எட்டு மாத மகன்.

6-8
வத்திராயிருப்புக்குப் போய் அவளிடம் சொன்னேன். "எம்பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரலை. உன் வீட்டுச் சீக்கை இங்க கொண்டு வராத" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

11-8
எழுத ஓடவில்லை. அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறானோ.

2-9
ஆவுடைக்கு இரண்டாம் முறை மருந்து ஏறிக்கொண்டிருந்தது. வார்டு வாசலில் அம்மா. இடுப்பில் முத்துப்பேச்சி மகன். பின்னால் என் முகத்தைப் பார்க்காமல் அவள். அம்மா நேரே டாக்டரிடம் போனாள்.

"எனக்கு ரெண்டு பயலுக இருந்தாங்க, ஐயா. மூத்தவன் சுந்தரபாண்டியன், இளையவன் உக்கிரபாண்டி. என்கூடப் பெறந்தவன் ஒருத்தனும் இப்படித்தான் போனான்."

அந்தப் பெயர்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அண்ணன்கள்.

30-9
முத்துப்பேச்சி மகனுக்கும் அதே குறைதான். இன்று அவனுக்கும் மருந்து ஆரம்பித்தார்கள். ஒரே கட்டிலில் ஆவுடை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தங்கச்சி என் தோளில் சாய்ந்து அழுதாள். அழட்டும். அவள் பிள்ளைக்கு இன்னும் ஒரு தடவைகூடக் காய்ச்சல் வரவில்லை.