தனகோடி நின்ற சிம்னி

ஜூன் 3, செவ்வாய்

பழைய அனல்மின் நிலையத்துச் சிம்னியை இடிக்கத் தேதி வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி, ஞாயிறு காலை. தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்த விஜயகுமாரி டீச்சர் கண்கலங்கிவிட்டார். "பொறந்ததுலேர்ந்து பாக்குறது உமா. அது இல்லாத நெய்வேலி எப்படி இருக்கும்?"

நான் தலை நிமிராமல் ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கும்? நிம்மதியாக இருக்கும். ஏழு வருஷமாக எந்தப் பக்கம் போனாலும் அது. மார்க்கெட்டில், கோயிலில், மாடியில் துணி காயப்போடும்போது. என் புருஷன் செத்த இடத்தைப் பார்க்காமல் எனக்கு ஒரு நாள் கழிந்ததில்லை.

மாமியாரிடம் சொல்லவில்லை.

ஜூன் 5

தெருவே பேசும்போது எப்படி மறைப்பது? தண்ணீர் பிடிக்கப் போன அத்தை, இடுப்புக் குடத்தை இறக்காமலே கேட்டார்.

"இன்னாம்மா, இடிக்கப் போறாங்களாமே?"

"ஆமா அத்தை."

"அப்ப எம்புள்ள எங்க நிப்பான்?"

என் புருஷன் கான்ட்ராக்டில் சிம்னிக்குப் பெயிண்ட் அடிக்க ஏறியவர். உச்சி மேடையில், சாப்பாட்டுக்கு இறங்கும் நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். இறக்கிக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. கீழே வந்தது உடம்புதான், உயிர் மேலேயே நின்றுவிட்டது என்று அத்தை நம்புகிறார். தினமும் வாசல் தெளித்ததும் அந்தப் பக்கம் திரும்பி ரெண்டு வார்த்தை பேசுவார். மழைக்காலத்தில், "நனையாதடா தனகோடி."

நான் மறுத்துப் பேசியதில்லை. கூடப் போய் நின்றதும் இல்லை.

ஜூன் 12

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஜெயராமன் சார் வந்திருந்தார். சிம்னிக்கு வழியனுப்பு விழாவாம். சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் பழைய ஆட்கள் வருகிறார்களாம். "அதுக்காக உயிரக் குடுத்தவரோட மனைவி நீங்க. மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்மா."

அதுக்காகவா குடுத்தாரு? கூலிக்குப் போனாரு. அவரு செத்தன்னிக்கு இந்த ஊரு சினிமா பாத்துச்சு, பிரியாணி தின்னுச்சு. இப்ப சிமெண்டுக்கு அழுவுது.

வரமாட்டேன் என்றேன். உள்ளேயிருந்து அத்தையின் குரல்: "நான் வரேங்க."

ஜூன் 21

அத்தை இன்று சாப்பிடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

விழுந்துவிட்டது.

தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். திருவிழாக் கூட்டம். தோளில் பிள்ளைகள், தூக்கிப் பிடித்த செல்போன்கள். ஜெயராமன் சார் அத்தையிடம் மைக்கைக் கொடுத்தார். அத்தை கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. சிம்னியைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"தனகோடி, எறங்கி வந்துடுடா. இடிக்கப் போறாங்க."

அவ்வளவுதான். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு சைரன். அடியில் ஒரு சத்தம். ஒரு நொடி ஒன்றுமே ஆகாததுபோல நின்று, முழங்கால் மடிந்தவன் மாதிரி சாய்ந்தது. தரை அதிர்ந்தது. சிலர் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். தூசி அடங்கும்வரை அத்தை என் கையை விடவில்லை.

"வந்தானாம்மா?"

வந்துட்டாரு அத்தை — இந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமே. ஏன் வாய் வரவில்லை? கண்ணில் தூசி விழுந்ததுபோலத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 23

நிம்மதி வரும் என்றுதானே நினைத்தேன்.

காலையில் அத்தை வாசல் தெளித்தார். பழக்கத்தில் திரும்பினார். வெறும் வானம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

ஜூலை 2

கஞ்சிகூட இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். ஒன்றுமில்லையாம்.

ஜூலை 9

நாத்தனார் செந்தாமரை மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்து அத்தையை அழைத்துப் போய்விட்டாள். "கோச்சிக்காதீங்க அண்ணி. இங்கியே படுத்துகினு இருந்தா அம்மா செத்துப் பூடும்."

"என்கூடவே இருங்க அத்தை" என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"உனக்காவ நான் இங்க இல்லம்மா. அவன் இங்க இருந்தான், நானும் இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

வேறு சாதியில் கட்டிக்கொண்டேன் என்று அப்பா வீட்டுக் கதவு என்றோ மூடிவிட்டது. ஏழு வருஷம் அத்தையும் நானும் ஒரே அடுப்பு, ஒரே அறை. நான் வெறுத்த அந்தச் சிம்னிதான் எங்களை ஒரு வீட்டில் வைத்திருந்ததா?

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அத்தை தேறிவிட்டார். கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறது. "வாம்மா, உக்காரு" என்றார், விருந்தாளியைச் சொல்வதுபோல. சித்ரான்னம் போட்டார்.

"நம்ம வூட்டுக்கு வரீங்களா அத்தை?" அவர் பேச்சு என் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. "நீ சின்னவ. எங்கனா போயி நல்லா இரு."

பண்ருட்டியில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. சிம்னியின் சிவப்பு விளக்கு தெரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பேன் — எப்போதிலிருந்து? எனக்கே தெரியாது. இன்றும் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறேன். வடக்குத்து தாண்டி, நான் இறங்கும் ஸ்டாப்பும் தாண்டி, ஆர்ச் கேட்டே வந்துவிட்டது.

"தெனம் யாராவது இப்புடி ஸ்டாப்ப உட்டுட்றாங்கம்மா" என்றபடி கண்டக்டர் விசில் ஊதினார்.

வந்த வழியே நடந்தேன். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: இறங்க வேண்டிய இடம் தெரியவில்லை.