அப்பாவின் ஸ்ரேசனும் எங்கள் பதுங்குகுழியும்

என் ஸ்ரேசன் மாஸ்ரர் அப்பாவுக்கு,

கொழும்பில், வெள்ளவத்தை வீட்டில் எல்லாரும் சுகம். கடற்கரையோரம் ரயில் போனால் தங்கச்சி இப்போதும் மணிக்கூட்டைப் பார்க்கிறாள். உங்கள் பழக்கம்.

போன மாதம் ஊருக்குப் போனேன். புதுத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள், ஆனால் உங்கள் ஸ்ரேசனைத் திறக்கவில்லை. ரயில் நிற்காமலே போகிறது. புகையிலைச் சிப்பங்கள் ஏற்றிய மேடையில் ஆடுகள் படுத்திருந்தன.

சண்டைக்காலத்தில் ரயில் நின்றதும் உங்களைக் கொழும்புக்கு மாற்றினார்கள். நாங்கள் ஊரிலேயே இருந்தோம். குண்டுக்குப் பயந்த சனம் தண்டவாளத்தையும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளையும் கிளப்பிப் பதுங்குகுழிகளுக்குக் கூரை போட்டது. முதலில் கை வைத்தவர் பக்கத்து வீட்டு நடராசா மாமா என்று கேள்விப்பட்டு, அவரைக் கள்ளன் என்றீர்கள். கண் மூடும்வரை நீங்கள் அவரோடு கதைக்கவில்லை. பிறகு நாங்களும் கொழும்புக்கு வந்தோம், அவரும் வந்தார். வெள்ளவத்தைச் சந்தையில் எதிர்ப்பட்டால் உங்களோடு சேர்ந்து நாங்களும் முகத்தைத் திருப்பினோம்.

அப்பா, ஊரில் எங்கள் வளவில் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது பழைய பதுங்குகுழி வெளியே வந்தது. கூரை பனங்குற்றி என்றுதானே அம்மா உங்களுக்குச் சொன்னார்? உக்கிய சாக்குக்கு மேலே சிலிப்பர் கட்டைகள் கிடந்தன. ஆணித் துளைகள்கூட அப்படியே இருந்தன. மாமரத்தில் ஷெல் விழுந்தபோது நாங்கள் அதற்குள்தான் இருந்தோம்.

அம்மாவைக் கேட்டேன். நடராசா மாமாதான் சுமந்துவந்து போட்டாராம். நீங்கள் காணாதபடி அம்மாதான் சாக்குக் கட்டி மறைத்தாராம். தலை நிமிராமல் சொன்னார்.

மாமா இப்போது கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கிறார். போனேன். மன்னிப்புக் கேட்கப் போனவள் வெட்கத்தில் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவரே கூப்பிட்டு இருத்தினார்.

"மாஸ்ரருக்குத் தெரியும், பிள்ளை. லீவில வந்து பங்கருக்க இறங்கின அண்டைக்கே சிலிப்பர் கட்டையின்ர தார் மணத்தில கண்டுபிடிச்சிட்டார். வெளியில வந்து என்னைப் பாத்தவர். அதுக்குப் பிறகு அவரால என்ர முகத்தைப் பாக்கேலாமல் போச்சு."

உண்மையா அப்பா? உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றிய மனிதரைக் கள்ளன் என்ற கூச்சம்தானா அந்த மௌனம்? கோபம் என்று நம்பி நாங்களும் அவரை அவமதித்தோமே. நினைக்க உடம்பு கூசுகிறது. உங்களுக்காகவும் சேர்த்துத்தான்.

வருகிற உங்கள் திவசத்துக்கு மாமாவைக் கூட்டிவருவேன். உங்களுக்குப் படைத்ததும் முதல் இலை அவருக்குத்தான். உங்கள் படத்துக்கு நேரே இருத்துவேன். அன்றைக்காவது அவர் முகத்தைப் பாருங்கோ அப்பா.

வெட்கத்தோடும் அன்போடும்,
உங்கள் மூத்தவள் வதனி